ஜே வரிசை, பதினைந்தாம் இருக்கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் அப்பாவே இன்னும் பாதிதான் நம்புகிறார். ஆனால் இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அன்று மாலை முழுக்க என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரமெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது.

1998, செப்டம்பர். ஒரு சனிக்கிழமை. பெங்களூர் அல்சூர் பக்கத்தில் ஓர் அரங்கம். 'வாடகை அப்பா' என்கிற பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படத்தைப் பாட்டும் ஆட்டமுமாக மேடை நாடகமாகப் போட்டிருந்தார்கள். பெண் கேட்டுப் போவதற்காக, யாருமற்ற ஒரு பையன், ஒரு சமையல்காரரை ஒரு நாளைக்கு மட்டும் அப்பாவாக அழைத்துப் போகிற கதை.

எனக்கும் என் கணவர் கவியரசனுக்கும் அது வெறும் படமில்லை. எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தே அதுதான். கல்யாணமான முதல் மாதமே வந்த பழக்கம். சண்டை வந்தால் அந்த வீடியோ கேசட்டைப் போடுவோம். பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். பேசக் கூடாது. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் முதலில் சிரிக்கிறாரோ, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மூன்று வருடத்தில் நான் ஒரு முறைகூடத் தோற்றதில்லை. அவருக்குச் சிரிப்பை அடக்கவே தெரியாது. வசனம் வருவதற்கு ஒரு நொடி முன்பே சிரித்துவிடுவார். சோபாவே குலுங்கும். "படம் மனப்பாடம் ஆயிடுச்சு உஷா. நான் என்ன பண்றது?" என்பார்.

அந்த வருடம் மே மாதம், ஐந்து மாதத்தில், எங்கள் குழந்தை கலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் எதுவும் சொல்லாமல் அந்தக் கேசட்டைப் போட்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில்... சிரித்தார்.

அன்றைக்குப் போய்ச் சிரிக்கிற மனிதரோடு எப்படி வாழ்வது? மறுநாளே ஹெப்பகோடி வீட்டை விட்டு, தொம்மலூரில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். நான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வந்தார். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு தபாலில் ஒரு டிக்கெட் வந்தது. ஜே வரிசை, 14. கூடவே அவர் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்.

'என்னுடையது 15. அதே ஆட்டம்தான். யார் தோற்றாலும், நாடகம் முடிந்ததும் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம்.'

அப்பா அதை இரண்டு முறை படித்தார். "போயிட்டு வாம்மா. பேசக்கூட வேணாம். பக்கத்துல உக்காந்துட்டு வா, போதும்."

"அவர் மொதல்ல சிரிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

கைப்பைக்குள் மாற்றுப் புடவை ஒன்றை மடித்து வைத்திருந்தது அப்பாவுக்குத் தெரியாது.

மாலை 6.10க்கு அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வானம் சுத்தமாக இருந்தது. வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பெரியவரை எல்லோரும் சின்னப்பா என்று கூப்பிட்டார்கள். ஒருவர் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து என் தம்பியை அரை மணி நேரம் வெளிய நிக்க வெச்சீங்களாமே?"

"யாரு சொன்னது? ஆறரைக்குக் கதவைச் சாத்தினா, மொதல் பாட்டுலதான் தொறப்பேன் சார். அதுக்குத்தான் லேட்டா வர்றவங்க டிக்கெட்டுக்குப் பின்னால டைம் எழுதிக் குடுக்கறேன்." காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துக் காட்டினார். "தம்பியோட டிக்கெட்டைக் கொண்டாங்க. உங்க அரை மணி நேரம் அதுல இருக்கான்னு பாப்போம்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் டிக்கெட்டில் பாதியைக் கிழித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தார்.

என் இருக்கையைக் கீழே இறக்கியதும் ஸ்பிரிங் கிரீச்சென்று கத்தியது. அரங்கம் முழுக்க அதே சத்தம்தான். பதினைந்து மட்டும் மடங்கியபடியே இருந்தது.

6.30. மணி அடித்தது. விளக்குகள் அணைந்தன. அவர் வரவில்லை.

6.41. முதல் பாட்டு. பின்னால் கதவு திறந்து, ஒரு கோடு வெளிச்சம் விழுந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் என் வலப் பக்கம் யாரோ உட்கார்ந்தது தெரிந்தது.

இருக்கை கத்தவில்லை.

அதை நான் அப்போது யோசிக்கவில்லை. ஓரக்கண்ணில் வெள்ளைச் சட்டை. கவியரசன் ஃபாக்டரியில் கை கழுவுகிற அந்தச் சோப்பு வாசனை. அவர்தான். நான் கழுத்தை அசைக்கவில்லை. ஆட்டம் ஆரம்பமாகிவிட்டதே.

மேடையில் பெண்ணின் அப்பா கேட்டார். "பையன் எத்தனை வருஷமா உங்களோட இருக்காரு?"

பக்கத்தில் சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் சமையல்காரர் பதில் சொன்னார். "காலைல எட்டு மணியிலேருந்துங்க."

அரங்கமே வெடித்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன். ஆனாலும் திரும்பவில்லை. நான்கு மாதக் கோபம். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும், இன்னும் கொஞ்சம் தோற்கட்டும் என்று இருந்தேன்.

இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரே கைப்பிடி. அவர் சிரித்தால் அது குலுங்க வேண்டும்.

குலுங்கவில்லை.

7.20. புதுக் காட்சி ஒன்று. படத்தில் இல்லாதது. பெங்களூர் ஜனங்களுக்காகவே சேர்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, "எங்களுக்கு இருக்கிறது ஒரே பொண்ணு" என்றார்.

பக்கத்தில் சிரிப்பு.

"பரவாயில்லைங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கறோம்" என்று, கொஞ்சம் அனுசரித்துக்கொள்கிறோம் என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொன்னார் சமையல்காரர்.

அந்த வசனம் படத்தில் கிடையாது. அவர் எங்கேயும் கேட்டிருக்க முடியாது. பிறகு எப்படி முன்பே...?

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வசனம் வருவதற்கு முன்பே சிரிக்கிறவர் வசனத்துக்காகச் சிரிக்கவில்லை. என்னிடம் தோற்பதற்காகச் சிரித்திருக்கிறார். மூன்று வருடமும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கும். மன்னிப்புக் கேட்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அதைத்தான் நான் நான்கு மாதமாகக் குற்றமாக வைத்திருந்தேன்.

திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அழுத முகத்தோடு திரும்ப ரோஷம் விடவில்லை.

7.50. இடைவேளை. அவரைப் பார்க்காமல் இடப் பக்கமாகவே எழுந்து போய் இரண்டு காபி வாங்கினேன். திரும்பி வந்தால் பதினைந்து மடங்கியிருந்தது. டீ குடிக்கப் போயிருப்பார். அவர் காபியைக் கைப்பிடியில் வைத்தேன். வரிசைக்குள் போன ஒருவர் என் கால்களைத் தாண்டும்போது "சாரிம்மா" என்றார். பதினைந்தைத் தாண்டும்போது யாருக்கும் சாரி சொல்லவில்லை. அதன் மேலேயே உரசிக்கொண்டு போனார்.

8.05. விளக்கு அணைந்தது. என் வலது கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

பிறகு இன்னொரு சொட்டு.

மழைத் தண்ணீர்போல... அவ்வளவு குளிர்ச்சி.

"நனைஞ்சுட்டீங்களா?" என்று மேடையைப் பார்த்தபடியே கேட்டேன். நான்கு மாதத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

பதில் இல்லை. பேசக் கூடாது என்பதுதானே ஆட்டம்.

9.12. கடைசிக் காட்சி. கல்யாணம் முடிந்துவிட்டது. பையன் சமையல்காரரிடம், "வேலை முடிஞ்சுதுங்க, நீங்க போகலாம்" என்கிறான். அதற்கு அவர் சொல்கிற வசனம்தான் கவியரசனுக்கு உயிர். வீட்டில் அந்த இடத்தில் எப்போதும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

காத்திருந்தேன்.

சிரிப்பு வரவில்லை.

"போறேன்டா. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடறேன்."

அரங்கமே சிரித்தது. கை தட்டியது. என் வலப் பக்கம் மட்டும் அமைதி... என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற ஓர் அமைதி.

அவர் காத்திருந்தார். நான் சிரிக்க வேண்டும் என்று. ஒரே ஒரு முறை.

தொண்டை வரை வந்தது.

அடக்கிக்கொண்டேன்.

சோப்பு வாசனை போய்விட்டது.

திரும்பினேன்.

இருக்கை மடங்கியிருந்தது. காபி அப்படியே. மேலே பாலாடை படிந்திருந்தது.

9.17. விளக்குகள் எரிந்தன. வாசலில் தேடினேன். ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் தேடினேன். கடைசி ஆள் போகும்வரை நின்றேன். பிறகு ஆட்டோ பிடித்தேன்.

9.55. தொம்மலூர். எங்கள் வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் கவியரசனோடு வேலை செய்கிற ஜெயராஜ். சட்டையெல்லாம் சேறு.

"அண்ணி... இப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன். பொம்மனஹள்ளி கிட்ட பயங்கர மழை. அண்ணனோட ஸ்கூட்டரை ஒரு லாரி..."

"எப்ப?"

"அஞ்சு அம்பது. அங்கேயே போயிடுச்சு உயிரு."

"இல்ல ஜெயராஜ். என் பக்கத்துல இருந்தாரு. இவ்வளவு நேரமும் இருந்தாரு."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாடி... உள்ள வாம்மா."

நான்காம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு காகித உறையைக் கொடுத்தார்கள். அவர் சட்டைப் பையில் இருந்தவை. விபத்து நடந்த இடத்திலேயே எடுத்து, அப்போதே ஒட்டி முத்திரை வைத்தது. ஸ்கூட்டர் சாவி. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு கர்சீப். அதற்குள் ஒரு டிக்கெட்.

ஜே, 15.

பாதி டிக்கெட்.

திருப்பினேன். பின்னால் சிவப்புப் பென்சிலில்... 6.41.

அதை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்கே போனேன். சின்னப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் எழுத்துதாம்மா. அந்த சாரை நல்லா ஞாபகம் இருக்கு. தொப்பலா நனைஞ்சு வந்தாரு. பாட்டு ஆரம்பிக்கட்டும் சார், கொஞ்சம் இருங்கன்னேன்." டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "சீக்கிரம் தொறங்கய்யா, அவ காத்திருக்கா, நான் போய்த் தோக்கணும்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரியுதா?"