அரிசிப் பையோடு சாலையைக் கடந்தவர்

ஸ்கூடாய் நகரில் சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியிருந்தேன். கழுத்தில் நகராண்மைக் கழக ஊழியர் அட்டை, தோளில் பத்துக் கிலோ அரிசிப் பை, காலில் ஜப்பான் சிலிப்பர் எனும் ரப்பர் செருப்பு. அந்த மனிதர் ஆடி அசைந்து சாலையைக் கடந்தார். பாதி தூரம் வருவதற்குள் எனக்குப் பச்சை விழுந்துவிட்டது. எரிச்சலில் ஹார்ன் அடித்தேன்.

அவர் கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மார்க்கெட் போயிட்டு நடந்து வர்றவங்களுக்கு இந்த லைட் நேரம் பத்துதான்னு பாக்கறேன்."

"பத்துதா?"

"எங்கண்ணே பத்துது? நீங்கதான் ஹார்ன் அடிச்சிட்டீங்களே லா!" சிரித்தபடி அதையும் குறித்துக்கொண்டார்.

சில வாரங்களில் நடப்பவர்களுக்கான நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். இப்போது அந்த விளக்கில் நான் கூடுதல் நேரம் காத்திருக்கிறேன். பைகளோடு கடப்பவர்கள் யாரும் ஓடுவதில்லை. என்னைத் திட்டாமலே என் ஹார்னை அவர்களுக்காக வேலை செய்ய வைத்தவரைத்தான் தினமும் கூட்டத்தில் தேடுகிறேன்.