எட்டு அங்கியும் ஒரு சிவப்புக் கோட்டும்

எங்கள் சித்தப்பா கிளாரினெட் வாசிப்பதை விட்டதற்கு நான்தான் காரணம். அறுபது வருடங்களுக்கும் மேலாக இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, ‘அம்மா பேச்சைக் கேட்கவில்லை, ஒன்றை மறைத்தேன்’ என்று மொத்த வியாபாரமாகச் சொல்லி முடித்தேனே தவிர, சில்லறையாகப் பிரித்துச் சொல்லவில்லை. சாமியாரும் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று மந்திரத்தில் தீருகிற விஷயம் அல்ல அது.

இப்போது பெங்களூர் வைட்ஃபீல்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். பால்கனியில் துணி தொங்கக்கூடாது என்பது அடுக்குமாடிச் சங்கத்தின் விதி. துணி உலர்த்தும் மெஷின் ஒன்று இருக்கிறது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால் ஹாலின் நடுவே மடக்கு ஸ்டாண்டு ஒன்று விரிந்துவிடும். போன வாரம் அதில் பேரனின் சிவப்புச் சட்டையிலிருந்து ஒரு சொட்டு, கீழே கிடந்த என் வெள்ளைப் பனியன்மேல் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். ‘ஒரு பனியன்தானேப்பா’ என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கண்டோன்மெண்ட் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் எங்கள் ஓட்டு வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, வெந்நீர் அண்டா பதித்த ஒரு குளியலறை. வாசல் கதவைத் திறந்தால் நேராகச் சந்துதான். அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா ஆகிய நாலு பேர் இருந்தோம். சித்தப்பா கல்யாண பேண்டு செட் ஒன்றில் கிளாரினெட் வாசித்தார். அது உத்தியோகம் அல்ல, உத்தியோகம் கிடைக்கும்வரை ஊதுவது என்பது அம்மாவின் கருத்து.

பீடத்தில் பூசைக்கு உதவும் பையன்கள் போடும் வெள்ளை அங்கிகளை, மாதா சபைப் பெண்கள் வாரம் ஒரு வீடாக முறை வைத்துத் துவைத்துத் தருவது எங்கள் கோயிலின் வழக்கம். இது வேலை அல்ல, மரியாதை. சபையில் சேர்ந்து நாலு வருடமாகியும் அம்மாவுக்கு அந்த முறை வரவில்லை. கடைசியில் வந்தது, டிசம்பரில். சபைத் தலைவியம்மா எங்கள் கதவுக்கு வெளியே சந்தில் குடையை மடக்காமலே நின்று கேட்டார்.

“வாசலே இல்லாத வீட்ல, வெயிலே இல்லாத மாசத்துல, எட்டு அங்கிய எங்கம்மா காயப்போடுவ? வேணாம்னா சொல்லிடு, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

“எங்க வீட்ல காயும்க்கா. ஞாயித்துக்கிழமை காலைல பால் மாதிரி கொண்டுவந்து குடுக்கறேன்” என்றாள் அம்மா.

அந்தப் ‘பால் மாதிரி’யை அம்மா சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சென்னையில் புயல் என்றால் எங்களுக்குத் தூறல். கொட்டவும் கொட்டாது, நிற்கவும் நிற்காது. சுவரில் கை வைத்தால் ஈரம், தீப்பெட்டியில் ஈரம். அப்படிப்பட்ட வாரத்தில் எட்டு வெள்ளை அங்கிகள் எங்கள் ஹாலுக்குக் குடிவந்தன. அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். எதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று நம்புகிறவர். துணியைக் காயவைப்பது சூடு அல்ல, காற்று என்பது அவருடைய சித்தாந்தம். ஒவ்வொரு அங்கியையும் உலர்ந்த துண்டுக்குள் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, அவர் ஒரு முனையும் அம்மா ஒரு முனையுமாகப் பிடித்து முறுக்கினார்கள். பிறகு ஹாலில் இரண்டு கொடி கட்டி, அங்கிக்கும் அங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு மாட்டினார்கள். எதிரெதிர் ஜன்னல்களை நாலு விரல் திறந்து வைத்தார்கள். நடுவே மரத்தூள் அடுப்பு. மரத்தூளை இறுக்கி அடைத்துப் பற்றவைத்தால் அது காலைமுதல் மாலைவரை மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கும்; அதைவிட மலிவான சூடு அன்றைய பெங்களூரில் கிடையாது. அடுப்புக்கு நேர் மேலே, உத்தரத்தை ஒட்டி, மூன்றாவதாக ஒரு பழைய மேல்கொடி. அதில் எதையும் போடக்கூடாது, சூடு மேலே போக வழி வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மூன்று நாள் நாங்கள் குனிந்தே வாழ்ந்தோம். தலையில்லாத எட்டுப் பேர் வரிசையாக நின்று பார்க்க, நடுவில் உட்கார்ந்து சோறு தின்றோம். அங்கிகளில் வாசனை ஏறிவிடும் என்று அம்மா அந்த வாரம் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். கருவாட்டுப் பானையை ஒரு கோணியில் சுற்றிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சித்தப்பா, “அண்ணி, இது தபசு காலமா, கிறிஸ்மசா?” என்று கேட்டார். அம்மா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

அவர்மேல் அவளுக்கு வேறு கோபம் இருந்தது. வியாழக்கிழமை ஒரு கல்யாண ஊர்வலத்தில் நனைந்து, தன் பேண்டு கோட்டைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்திருந்தார். தடித்த துணி, ரத்தச் சிவப்பு, தோளில் மஞ்சள் ஜரிகைப் பட்டை. அதைப் பார்த்ததும் அம்மா கதவிலேயே வழிமறித்தாள். அந்தச் சிவப்பு ஹாலுக்குள் ஓரடி வரக்கூடாது. கோட்டு குளியலறை ஆணிக்குப் போயிற்று. குளியலறையில் எதுவும் காயாது. சோப்பே காயாது.

ஆனால் அந்தக் கோட்டு காய வேண்டும் என்று வீட்டில் இன்னொருவனும் ஆசைப்பட்டான். அது நான். ஞாயிறு மாலை மல்லேஸ்வரத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். மார்கழி பிறந்தால் கல்யாணம் இல்லை என்பதால் அதுதான் கடைசி முகூர்த்தம். பேண்டின் முதல் கிளாரினெட்காரருக்குப் பல் விழுந்துவிட்டது; அவர் இடத்தில், முன்வரிசையில் நடுவில் நின்று சித்தப்பா வாசிக்கப்போகிறார். முன்வரிசை விஷயத்தை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

“உங்கம்மாகிட்ட இப்ப சொல்லாத. வாசிச்சு முடிச்சிட்டு வந்து நானே சொல்லிக்கறேன். கோட்டு மட்டும் காயட்டும், உன்னையும் கூட்டிட்டுப் போறேன். சின்ன ஜால்ரா ஒண்ணு இருக்கு, தட்டிக்கிட்டே வா.”

அவர் சொன்னதில் ஜால்ரா ஒன்றுதான் என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலை அம்மா பூசைக்குப் போயிருந்தாள். அப்பா முதல் ஷிப்ட். சித்தப்பா பால் வாங்க வரிசையில் நிற்கப் போனார். நான் குளியலறைக்குப் போய்க் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஊறவைத்த மாதிரி இருந்தது. அண்டாவில் தண்ணீர் ஊற்ற அம்மா ஏறி நிற்கும் முக்காலி அங்கே இருந்தது. அதைத் தூக்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். மேல்கொடி அப்போதும் எட்டவில்லை. ஆகவே கோட்டை வீசினேன்.

முதல் வீச்சில் அது இடப்பக்கத்து அங்கிகளின்மேல் விழுந்தது. இரண்டாவது வீச்சில் வலப்பக்கத்து அங்கிகளின்மேல். மூன்றாவது வீச்சில் கொடியில் மாட்டிக்கொண்டது. விடியலின் மங்கலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காரியத்தைச் சாதித்த திருப்தியில் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டேன். தூங்கியும்விட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

விழித்தபோது அம்மா ஹாலில் நின்றுகொண்டிருந்தாள், முக்காடுகூட எடுக்காமல். எட்டு அங்கிகளிலும் ரோஸ் நிறத்தில் பெரிதும் சிறிதுமாகப் புள்ளிகள். அம்மை போட்ட மாதிரி. அவள் கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சத்தமே வராமல் அழுதாள். அப்போது சித்தப்பா பால் சொம்போடு உள்ளே வந்தார்.

“எங்க மாட்டச் சொன்னேன் தம்பி உன்ன? நாளைக்கு நான் அந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்றாள் அம்மா அவரிடம்.

சித்தப்பா மேல்கொடியைப் பார்த்தார். அங்கிகளைப் பார்த்தார். என் படுக்கைப் பக்கம் ஒருமுறை திரும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டு இமைக்கிடையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொடிக்குக் கீழே நின்ற முக்காலியைக் காலால் மெல்லச் சுவர்ப் பக்கம் தள்ளினார். அதன்மேல் உட்கார்ந்தார்.

“நாந்தான் அண்ணி” என்றார். “காயலையேன்னு அவசரத்துல மாட்டிட்டுப் போயிட்டேன்.”

அம்மா அவரை என்னவெல்லாம் சொன்னாள் என்பதை எழுதப்போவதில்லை. அவளும் அதற்காகப் பின்னால் வருத்தப்பட்டாள். அந்த நேரம் முழுவதும் நான் போர்வைக்குள் இருந்தேன். ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இல்லாமல் இல்லை.

பிறகு வைத்தியம் தொடங்கியது. முதலில் சவக்காரம் போட்டுத் தேய்த்தாள், புள்ளிகள் பரவின. வெள்ளைக்கு நீலம் போடுவதுதானே முறை என்று ஓர் அங்கியை நீலத்தில் முக்கினாள். ரோஸ் புள்ளிகள் கத்தரிப்பூ நிறமாயின. சித்தப்பா ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேண்டுக்காரருக்குத்தான் அந்த யோசனை வர முடியும்.

“ஸ்வல்ப நில்லுங்க அண்ணி. ஒரு அங்கி ரோசா இருந்தா அது கறை. எட்டும் ரோசா இருந்தா அது யூனிஃபார்ம்.”

அம்மா அவரை முறைத்தாள். ஆனால் அழுகை நின்றுவிட்டது. சாயம் வாங்கக் கடைக்கு ஓடலாமா என்றாள். கடைச் சாயம் வேறு சிவப்பு, புள்ளி தனியாகத் தெரியும், எந்தச் சிவப்பு கெடுத்ததோ அதே சிவப்புதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா மேல்கொடியிலிருந்து கோட்டை எட்டி எடுத்தார். ஜரிகைப் பட்டைகளைப் பிளேடால் பிரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு உனக்குக் கல்யாண ஊர்வலம் இருக்குன்னியே” என்றாள் அம்மா, குரல் இறங்கி.

“சும்னே, சும்மா ஒரு ஊர்வலம் அண்ணி. காஞ்சா சரியாப் போயிடும்.”

வெந்நீர் அண்டாவில் ஒரு கை உப்பு போட்டுக் கோட்டை வேகவைத்தார்கள். அது தன் சிவப்பையெல்லாம் தண்ணீரில் விட்டது. எட்டு அங்கிகளும் அதில் முங்கி, நீலம் பட்டதும் சேர்ந்து, ஏறக்குறைய ஒரே ரோஸ் நிறத்தில் வெளியே வந்தன. மத்தியானம் வீடு திரும்பிய அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். விஷயத்தைக் கேட்டார். உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்து ஒரு முனையை அம்மாவிடம் கொடுத்தார். துண்டில் சுருட்டி, முறுக்கி, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, சாயங்காலத்துக்குள் எட்டும் காய்ந்துவிட்டன. காற்றுதான் காயவைத்தது என்று அப்பா இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிறு காலை அம்மா அங்கி மூட்டையைக் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கோயிலின் கடைசி வரிசைக்கு வந்து முழந்தாளிட்டாள். சபைத் தலைவியம்மா முதல் வரிசையில். மணி அடித்தது. எட்டுப் பையன்களும் ரோஸ் நிற அங்கியில் வரிசையாக வெளியே வந்தார்கள். கோயிலே கழுத்தை நீட்டியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால் பங்குச் சாமியார் வந்தார். அவரும் ரோஸ் நிற உடுப்பில் இருந்தார்.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஆகமன காலத்தின் மூன்றாவது ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. அன்றைக்குச் சாமியார் ரோஸ் உடுப்பு போடலாம் என்பது திருச்சபையின் முறை. முந்தின சாமியார் அதைப் பெட்டியிலிருந்து எடுத்ததே இல்லை. அப்படி ஒன்று இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. புதிதாக வந்திருந்த இவர் தேடி எடுத்துப் போட்டிருந்தார். பிரசங்கத்தில், இந்தச் சந்தின் ஏழை வீடு ஒன்றில் திருச்சபையின் நிறங்களை அறிந்த ஒரு தாய் இருக்கிறாள் என்றார். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. பூசை முடிந்ததும் சபைத் தலைவியம்மா அவளிடம் வந்து, எந்தக் கடைச் சாயம் என்று மெல்லக் கேட்டார். வீட்டிலேயே செய்தது என்றாள் அம்மா. அது பொய் இல்லை.

அடுத்த வாரம் நாலு நாள் வெயில் அடித்தது. பிளீச்சிங் பவுடரும் வெயிலுமாகப் போராடி, கிறிஸ்துமசுக்குள் அங்கிகள் வெள்ளை ஆயின. கொஞ்சம் பாக்கி இருந்ததைச் சாம்பிராணிப் புகை மறைத்தது.

கோட்டு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது பாதி வெந்த பீட்ரூட் மாதிரி, திட்டுத்திட்டாக இருந்தது. ஞாயிறு மாலை சித்தப்பா ஜரிகைப் பட்டைகளைத் தானே திரும்பத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஜால்ராவுக்காக நான் தலை சீவி, பவுடர் போட்டுக் கதவருகே நின்றேன். “இன்னொரு நாள் பாக்கலாம்டா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாக்கு மாறிவிட்டார் என்று நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆமாம், நான் அவரோடு பேசவில்லை.

அன்று ஊர்வலத்தில் பேண்டு மாஸ்டர் அவரை முன்வரிசையில் நிற்கவிடவில்லை; அந்தக் கோட்டோடு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எங்கே நிறுத்துவது. இதெல்லாம் வெகுகாலம் கழித்து, அந்த பேண்டில் டிரம் அடித்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நடு இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று, அவரிடமே நிலைத்தும்விட்டது. தை பிறந்ததும் சித்தப்பா கிளாரினெட்டை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மர மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். எங்களுக்கு அதன்பிறகு மரத்தூள் சும்மா கிடைத்தது. எந்த மழையிலும் எங்கள் வீட்டில் துணி காய்ந்தது. ஒருவழியாகத் தம்பிக்கு நல்ல உத்தியோகம் கிடைத்தது என்று அம்மா ஜெபமாலை சொன்னாள். அவர் முன்வரிசையில் நிற்க இருந்தது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சித்தப்பா போய் நான்கு வருடமாகிறது. அவர் இருந்தவரை என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று அவர் எனக்காகச் செய்தது பழியை ஏற்றுக்கொண்டது மட்டும்தான் என்றே நானும் இருந்தேன்.

போன வாரம், கறைபட்ட பனியனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த முக்காலி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மேல்கொடி நின்ற இடத்திலேயே எட்டும். முக்காலி போட்டு ஏறுகிற உயரத்தில் அன்று வீட்டில் இருந்தவன் ஒருவன்தான். கண்ணீர் வழிய நின்ற அம்மா இன்னொரு நிமிடத்தில் அதைக் கவனித்திருப்பாள்.

பால் வரிசையில் நின்ற களைப்பு, உட்கார இடம் தேடுகிறார் என்றுதான் அன்று போர்வைக்குள்ளிருந்து பார்த்தவன் நினைத்தான்.