என் பக்கத்து நியாயம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடியில் எங்கள் கோவிலில் குருவானவர் கையால் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணை நடக்கும் ஞாயிறுகளில் நான் மட்டும் எழுந்திருக்காமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் ஆண்கள் வரிசை வரிசையாகப் போவார்கள். பிறகு பெண்கள். என் வரிசை எழும்போது கால்களை மடக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழி விடுவேன். அவர்கள் போன பிறகு பெண்கள் பக்கத்தில் மிஞ்சுவது, நற்கருணை வாங்க இன்னும் திடப்படுத்தல் பெறாத சின்னப் பிள்ளைகளும் நானும்தான். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் படிக்கிறவர்கள். வகுப்பில் என் முகத்தை நேராகப் பார்க்கப் பயப்படுகிறவர்கள், அங்கே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. நற்கருணைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே, குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர்களின் பேரை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். "சமாதானமாகிட்டு வாங்க" என்பார். யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அவருக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. கோவில் வாசலில் நின்றுகொண்டு, யார் யாருக்குத் தோத்திரம் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்தாலே போதும். நான் என் சித்தியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் நிலாவாரை இலை பொறுக்கும் வேலை. மருந்துக்காகக் கப்பலேறும் இலை அது. காம்பு, மண், பழுத்த இலை எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தமாக்கி மூட்டை போடுவார்கள். அந்தத் தூசி தலைமுடியிலும் துணியிலும் வீட்டுப் பாயிலும் ஏறிக்கொள்ளும். அப்பாவும் அம்மாவும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையை நம்பி இருந்தார்கள். எங்கள் வீட்டில் எழுத்து கற்றவள் நான் ஒருத்திதான். மிஷன் போர்டிங்கில் படித்து, டிரெயினிங் முடித்து, இந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வந்து சேர்ந்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையும் வாத்தியார். எனக்குப் பிடித்திருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்க வழக்கப்படி, மாப்பிள்ளையின் தாயார் பெண்ணைப் பற்றி விசாரிக்கச் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி என்னைப் பற்றி நல்லதாக என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். கடைசியில், "எல்லாஞ் சரிதான், ஆனா எங்க வீட்டுப் பாயில ஒக்காராது. கைக்குட்டைய விரிச்சுத்தான் ஒக்காரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டிலும் பாய்தான். வரன் அதோடு நின்றுவிட்டது.

கைக்குட்டையை விரித்தது உண்மை. ஒரே ஒரு நாள். அன்று ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகைக்காக வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டியைச் சித்தியிடம் கொடுக்க நுழைந்தேன். பாயில் இலைத்தூசி பச்சையாகப் படிந்திருந்தது. இதில் என்ன கர்வம்? யாரானாலும் அப்படித்தான் செய்வார்கள். இந்த நியாயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அவ ஒன் சித்திதானளா, வாய்க்கு வந்தத சொல்லிட்டா, விடு" என்றாள். அப்பா பனையேறப் போய்விட்டார். உடன் வேலை பார்த்தவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒருத்திக்காக அரிசி போடுவதும், ஒருத்தி சாப்பிட்ட தட்டைக் கழுவுவதும் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிற வேலைகள் என்று அங்கேதான் தெரிந்தது. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று வந்து புத்தக அட்டைகளை நமத்துப்போக வைக்கும். சங்கு குளிக்கப் போன வள்ளங்கள் திரும்பும் நேரத்தில் கரையிலிருந்து கூச்சல் கேட்கும். யாரையாவது யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து என் வழக்கை முதலிலிருந்து நடத்துவேன். வெள்ளைச் சேலை, இன்ஸ்பெக்டர், தூசி. ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்த பிறகும் அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

சித்தியும் நற்கருணைக்குப் போக முடியாதுதான். ஆனால் அவள் அந்த ஞாயிறுகளில் கோவில் பக்கமே வருவதில்லை. வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்குவாள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஞாயிறுகளில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

இதற்கிடையில், ஞாயிறு மத்தியானம் பெண்களுக்கு வேதபாடம் நடத்தும் பொறுப்பும் என்னுடையதாக இருந்தது. அந்த மாதம் எடுத்துக்கொண்ட பாடம், விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல். எனக்கு மிகவும் பிடித்த பாடம். போர்டிங்கில் இதைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள்.

"நாம நல்லவங்களா ஆன பிறகு கடவுள் நம்மை ஏத்துக்கிறதில்லை. நாம இன்னும் திருந்தாம இருக்கும்போதே, கிறிஸ்துவுக்காக நம்மை நீதிமான்னு எண்ணிடுறாரு. அதை நம்பிக் கையை நீட்டுறதுதான் விசுவாசம். கையில எதுவும் கொண்டு போகத் தேவையில்லை" என்றேன்.

தோணியில் சுமை ஏற்றுகிறவரின் மனைவி ஒருத்தி கேட்டாள்: "அப்ப நல்லது செஞ்சாலும் செய்யாட்டாலும் ஒண்ணுதானா டீச்சரம்மா?"

"இல்லை. மன்னிப்புக் கிடைச்ச நன்றியில நல்லது தானா வரும்."

"எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீய. நன்றி வந்த பெறவு வேலைக்குப் போறேன்னு படுத்துக்கிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நீதிமன்றத்தை உதாரணமாகச் சொன்னேன். கூண்டில் நிற்கிறவன் வாயைத் திறக்கும் முன்பே நீதிபதி விடுதலை என்று சொல்லிவிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "யம்மா, எவ்வளவு சந்தோஷமா இருக்கும்" என்றார்கள். பாடம் நன்றாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

அடுத்த நற்கருணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, உபதேசியார் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினார். முகம் மலர்ந்திருந்தது.

"ரொம்பச் சந்தோஷம்மா. ஒங்க சித்தி வந்து ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டாவ. சமாதானமாயிட்டோம்னு சொன்னாவ."

நான் கையிலிருந்த புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் அதையும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் கிட்டங்கிக்குப் போனேன். பெண்கள் சுவரோர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி, என் பேரைக் குடுக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"வாளா மகாராணி! உள்ளாற வந்துட்டியே, சீலையில தூசி ஒட்டிக்கிடாதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நாளைக்குப் பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். சண்டக்காரி நிக்கக் கூடாதுன்னு உபதேசியார் சொல்லுதாரு. அதான் சமாதானமாயிட்டோம்னுட்டேன்."

"நாம எப்ப சமாதானமானோம்?"

"என் பக்கத்துல ஆயாச்சு. ஒன் பக்கத்துல ஆகலன்னா நீயே போயி அவருகிட்ட சொல்லிக்கோ."

"நீங்க சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"எது தப்பு? கைக்குட்டைய விரிச்சியா, இல்லியா?"

"விரிச்சேன். ஆனா அன்னைக்கு..."

"பெறவென்னளா?" என்று கையைக் கழுவ எழுந்துவிட்டாள்.

நேராக உபதேசியார் வீட்டுத் தெருவுக்கு நடந்தேன். சித்தி சொன்னது பொய் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தெருமுனையில் நின்று, எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தை அமைத்துப் பார்த்தேன். "சித்தி என்னோடு சமாதானமாகிவிட்டாள், நான் ஆகவில்லை." வேறு விதமாக அமைத்தேன். "எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை, நான் முடிக்க விரும்பவில்லை." எப்படித் திருப்பிப் போட்டாலும் சண்டைக்காரியாக நான்தான் வந்து நின்றேன். திரும்பிவிட்டேன். இரக்கத்தினால் திரும்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிறன்று ஞானஸ்நானம் முதலில் நடந்தது. சித்தி புதுச் சேலையில் பிள்ளையை ஏந்தி நின்றாள். தண்ணீர் பட்டதும் அது கோவிலே அதிரும்படி அலறியது. பிறகு நற்கருணை தொடங்கியது. ஆண்கள் போய் வந்தார்கள். பெண்கள் எழுந்தார்கள். என் வரிசை எழுந்தபோது வழக்கம்போல் கால்களை மடக்கி வழி விட்டேன்.

போகலாம் என்று சபை சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சமாதானத்தில் நான் செய்தது ஒன்றுமில்லை. அது எனக்காக வேறொருத்தி தன் வசதிக்காகச் சொன்ன வார்த்தை. அதை வைத்து நான் எப்படிப் போவேன்? உட்கார்ந்திருந்தால் நான் நேர்மையானவள். பல மாதங்களாக நேர்மையானவளாகத்தானே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மன்னிப்பைக் கேட்டு அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. தீர்ப்பைக் கேட்டு உட்கார்ந்திருந்தேன். சித்தியோ, குருவானவரோ, கடவுளோ, யாராவது ஒருவர் என் வழக்கை முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சொல்வது சரி" என்று சொல்ல வேண்டும். ஆனால் நான் நடத்திய பாடத்தில் அப்படி ஒரு விசாரணையே கிடையாது. கூண்டில் நிற்கிறவள் வாயைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. வகுப்பில் அதைச் சந்தோஷம் என்றார்கள். அங்கே பாயில் அது எனக்கு அவமானமாக இருந்தது. குற்றவாளியான சித்தியோடு சேர்த்து என்னையும் விசாரிக்காமல் விடுதலை செய்தால், என் நியாயத்துக்கு என்ன மதிப்பு?

ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் அதற்கு மதிப்பு ஒன்றும் இல்லை. அதைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் அதைக் கேட்கவேயில்லை, அவ்வளவுதான்.

கடைசி வரிசை போய்க்கொண்டிருந்தது. பிள்ளையை அதன் தாயிடம் கொடுக்கத் தாமதமானதால் சித்தியும் அந்த வரிசையில் இருந்தாள். நான் முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்து போனேன். சித்தியின் பக்கத்தில்தான் இடம் இருந்தது. முழங்கால் போட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

மனம் அமைதியாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. குருவானவர் ஒவ்வொருவராகத் தாண்டி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, பழக்கத்தினால் என் வழக்கை மறுபடியும் ஆரம்பித்திருந்தேன். அன்று இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது, அதனால்தான் நான்... அதற்குள் அப்பம் என் உள்ளங்கையில் இருந்தது. என் வாக்கியம் முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை. அடுத்தவளுக்குப் போய்விட்டார்.