கொடுக்க அக்கா இல்லாதவன் கொடுத்த முறை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பிரியமாய்ச் சொன்ன ஒரே சொல்லால் ஒரு கல்யாணத்தைக் கலைக்கவும் முடியும் என்று காட்டியவன் என் சிநேகிதன்.

திருத்தணி ரயிலடியில் ஜட்கா ஓட்டினான். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், குதிரையிடம் இரண்டும். சின்ன வயசிலிருந்தே என்னை 'பாவா' என்றுதான் கூப்பிடுவான். கூடப் பிறந்தவளின் புருஷனைக் கூப்பிடுகிற முறை அது. அவனுக்கோ கூடப் பிறந்தது யாருமில்லை. கேட்டால், "குடுக்கறதுக்கு அக்கா இல்லே, முறையாவது குடுக்கறேன், வச்சுக்கோ பாவா" என்பான்.

உலகச் சண்டைக் காலம் அது, துணிக்குத் தட்டுப்பாடு. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன், துணி வந்தால். அந்தச் சம்பளத்தைக் கேட்டுவிட்டு இரண்டு இடத்தில் பெண் இல்லை என்றார்கள். மூன்றாவது இடம் அரக்கோணம். அந்தப் பெண்ணை ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பார்த்திருந்தேன். இது முடியவில்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன்.

பெண்ணின் அப்பா எங்கள் வீடு பார்க்க வந்தார். ரயிலடியில் இறங்கி எந்த வண்டியில் ஏறினார்? வேறு எந்த வண்டியில்!

என் பேரைச் சொன்னதுமே இவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆங், நம்ப பாவா வூடுங்களா? ஏறுங்க! தங்கமான மனுசங்க. எங்க வூட்ல வந்து துன்னாம அவருக்கு வாரம் போவாது. எங்கம்மா ஆக்கற கோழிக்கொழம்புன்னா உசுரு."

வந்தவர் எங்கள் வீட்டில் உட்காரவில்லை. வெல்லக் காப்பியைத் தொடவில்லை. "மூத்தவ ஒருத்தி இருக்கறான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? எம்பொண்ணு என்ன ரெண்டாந்தாரமா?" என்று அப்பாவைக் கேட்டார். நாங்கள் செய்த சத்தியம் எதுவும் எடுபடவில்லை. "மச்சானே வாயால சொல்லிகினு வந்தான்யா" என்று திரும்பிவிட்டார். திரும்பிப் போனதும் அதே ஜட்காவில். வழியெல்லாம் மறுபடி என் புகழ்.

மறுநாள் அவனைப் பிடித்துக் கத்தினேன். "உன் நாக்கை அறுத்துக் குதிரைக்குப் போடணும்டா!"

"குதிரை சைவம் பாவா" என்றான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் சுருங்கியது. "நானே போயி சொல்லிட்டு வரேன்."

வேண்டாம், நீ வாயே திறக்காதே என்று கெஞ்சினேன். கேட்டானா? தனியாகவாவது போனானா? பூக்கடைக்காரர், மலையில் மொட்டையடிக்கிறவர், இரண்டு ஜட்காக்காரர்கள், தன் அம்மா என்று ஒரு கூட்டத்தையே ரயிலேற்றிக்கொண்டு போனான். அரக்கோணத்தில் தெருவே வேடிக்கை பார்த்ததாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த அம்மாதான் நடுவில் போய் நின்றார்களாம். "ஐயா, நான் பெத்தது இந்தத் தறுதலை ஒண்ணுதான். பொண்ணே பொறக்கல. பொறந்திருந்தா அந்தப் புள்ளையை உங்களுக்கு ஏன் வுடறேன்?"

பெரியவர் சிரித்துவிட்டார். சம்மதமும் சொல்லிவிட்டார், ஒரு நிபந்தனையோடு: கல்யாணம் முடிகிறவரை இவன் என்னை அந்த முறை சொல்லிக் கூப்பிடக்கூடாது.

இவனும் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான். தாலி கட்டியாயிற்று. பெண் கையில் பொரி போட அவளுக்கு அண்ணன் தம்பி யார் என்று புரோகிதர் கேட்டார். அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. சொல்லி வைத்திருந்த பெரியப்பா மகன் ரயிலைத் தவறவிட்டிருந்தான். என் மாமனார் சுற்றும் முற்றும் பார்த்தார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இவனைப் பார்த்து, "நீ வாப்பா" என்றார்.

பொரியை அள்ளிப் போட்டான். நிமிர்ந்தான். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, "பாவா!" என்று ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

அன்றோடு என் கதை முடிந்தது. வீட்டில் ஒரு வார்த்தை அதிகம் போனால், "எங்கண்ணனைக் கூப்பிடறேன்" என்பாள். ஜட்கா வாசலில் வந்து நிற்கும். அவன் உள்ளே வருவான், என்னை வாய் நிறையப் பாவா என்பான், அவள் பக்கம் தீர்ப்புச் சொல்வான், இருந்து சாப்பிட்டுவிட்டும் போவான். பெண்டாட்டியோடு சண்டை போட்டால் போய்ச் சொல்லி அழ எனக்கு ஒரே ஒரு சிநேகிதன் இருந்தான். அவனையும் மச்சானாக்கிக்கொண்டேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?