காய்ச்சல் காட்டாத முதுகு

முதுகுவலி முதுகில் இருக்கிறது என்பது உலகம் நெடுங்காலமாக வைத்திருக்கும் பிழையான கொள்கை. சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் கம்பவுண்டராக மருந்து கலக்கியவன் என்ற முறையில், முழுப் பொறுப்புடன் இதை மறுக்கிறேன். கலக்கிக் கொடுத்துத் திட்டு வாங்கிய சகபாவிகளுக்கு இது தெரியும்.

தெர்மாமீட்டரின் தீர்ப்பு

மூட்டை தூக்கும் சுடலைமுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்தார். இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை சுண்டி இழுக்கிறதாம். தோட்டத்து வழக்கம் எளிது: காய்ச்சல் இருந்தால் நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி. சோம்பேறிக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு கிடையாது. குடும்பத்தோடு மலையிறங்க வேண்டியதுதான். தெர்மாமீட்டர் வைத்தேன், காய்ச்சல் இல்லை. தைலம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "காலு ஒடிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்யா. நாலு பேருக்குக் கண்ணுல தெரியும்லா."

இரட்டைப் பிள்ளைக்காரி

சுளுக்கு என்று லயமே முடிவுசெய்தது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் சுளுக்கு விடும் என்பதால், பேச்சியம்மாளைக் கூட்டிவந்து முதுகில் ஏற்றினார்கள். இறங்கியபின் சுடலைமுத்துவால் எழவே முடியவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வில்லைகள் உண்டு, அவற்றை மிதிக்கலாகாது என்று புத்தகத்தைக் காட்டி விளக்கினேன். பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டும் பொட்டப்பிள்ளை பாருங்க, அதான் பாதி பலிச்சிருக்கு" என்றாள்.

பெரட்டு

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி மாடத்தி வந்தாள். மனுஷர் தூங்குவதில்லை, பேசுவதில்லை. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்கிறாராம். ஆனால் விடிந்ததும் கோணலாக நடந்து, ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுகிறார். மறுநாள் போய்ப் பார்த்தேன். கங்காணி அவர் பெயரைக் கூப்பிடவில்லை. எல்லோரும் கலைந்தபிறகும் தனியே நின்றார். மாடத்தி சொன்னாள்: "போகலைன்னா, தானே செத்துட்டதா அவுக நெனைக்காக. மருந்து இருந்தா அதுக்குக் குடுங்கய்யா."

உட்கார்ந்த வேலை

'நோய் உண்மை, உட்கார்ந்த வேலை தரவும்' என்று தோட்டத்து மேலாளர் துரைக்கு எழுதினேன். அவருக்குப் புரியாத இரண்டு லத்தீன் சொற்களையும் சேர்த்தேன். உடனே சம்மதித்தார். 'உண்மை' என்றதைப் படித்துக் காட்டியபோது சுடலைமுத்து அழுதுவிட்டார். ஆனால் கிடைத்தது பெண்கள் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும் வேலை. வாசலிலேயே தயங்கினார். உள்ளேயிருந்து பேச்சியம்மாள், "உக்காருங்க அண்ணாச்சி, காய் பொறுக்குனா மீசை உதிராது" என்றாள். போய் உட்கார்ந்தார்.

ஆக, முதுகுவலிக்கு நான் கொடுத்த மருந்துகளில் பலித்தது புட்டியில் அடைக்காத அந்த 'உண்மை' ஒன்றுதான். சாய்வு நிமிரவில்லை. அந்த வாரக் கடைசியில், குழம்பில் உப்பு இல்லை என்று சுடலைமுத்து மாடத்தியோடு சண்டை போட்டார்.