மருத்துவர் எழுதாத பால்

என் அம்மாவுக்கு மருத்துவர் கொடுத்த கடிதத்தை நான் பொய்யாக வாசித்துக் காட்டினேன்.

தவறுதலாக அல்ல. ஆங்கிலம் புரியாமல் அல்ல. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரிந்ததால்தான் பொய் சொன்னேன்!

நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். மாணவர் கூட்டங்களில் ஒலிபெருக்கி கைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்காமல் பேசுகிறவள் நான். "தோட்டத்து லயத்திலிருந்து பட்டதாரி ஆன பெண்" என்று யாராவது உங்களுக்கு என்னைச் சுட்டிக் காட்டியிருக்கலாம். நீங்கள் கைகூடத் தட்டியிருப்பீர்கள்.

அந்தக் கைத்தட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகிற சாலையில் உள்ளே திரும்பினால், எண்ணெய்க்காக வளர்க்கும் எங்கள் செம்பனைத் தோட்டம். நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தபோதே அப்பா லோரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா பள்ளிக்கூடத்தின் உள்பக்கம் பார்க்காதவள். அவளுக்கு மருந்தடிக்கும் வேலை. பம்பை முதுகில் கட்டிக்கொண்டு செம்பனை மரத்தடியில் மண்டும் புல்லுக்கு விஷம் தெளித்துக்கொண்டே போக வேண்டும். ஆண்கள் அந்த வேலைக்கு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று அந்த வயதில் நான் கேட்டதில்லை...

கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் கிடைத்தது. வரிசை வீடுகளாக நீளும் எங்கள் லயமே திரண்டு வந்து பார்த்தது. அரசாங்கக் கல்விக்கடன் கட்டணத்தோடு தீர்ந்துபோனது. விடுதி வாடகை, சாப்பாடு, புத்தகம், நகலெடுக்கும் காசு, பஸ் காசு, பெண்களுக்கு மாதாமாதம் ஆகும் செலவு எல்லாமே அம்மாவின் முதுகில் ஏறின. மருந்தடித்தால் மற்ற வேலையைவிட நாள்கூலி கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்தில்தான் நான் படித்தேன்.

முதலாம் ஆண்டு முடிந்து விடுமுறைக்கு வந்தேன். அம்மாவின் கைகளைப் பார்த்தேன். இரண்டு விரல்களில் நகம் இல்லை. மீதி நகங்கள் மஞ்சளாகி அடியோடு ஆடிக்கொண்டிருந்தன. பம்பு ஒழுகி ஒழுகி, முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. சோறு பிசையும்போது மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் தட்டில் விழும். அம்மா அந்த இடத்துச் சோற்றை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடுவாள்.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிற டிரெசர் பயந்துபோய் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் கூடப் போகவில்லை. எனக்கு ஒரு நாவலை முடிக்க வேண்டியிருந்தது! போயிருந்தால் மருத்துவர் நேரிலேயே சொல்லியிருப்பார்... நான் வேறொருத்தியாக ஆகியிருப்பேனா? ஆகியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிற்பகலில் அம்மா ஒட்டிய கவரோடு வந்து நின்றாள்.

"டாக்டரு மலாய்ல கடகடன்னு என்னமோ சொன்னாரு. பாதி வெளங்கல. இத தோட்டத்து ஆபீசுல குடுன்னாரு."

"அப்பக் குடுத்துட்டு வர வேண்டியதுதானேம்மா?"

"நல்லா இருக்கு லா! என்னா எழுதியிருக்குன்னு தெரியாம குடுத்து, அவங்க என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டா? நீ மொதல்ல படி பாப்பா."

தோட்டத்தில் காகிதம் என்றாலே பயம். ஆபீசுக்குள் போகிற காகிதம் நல்லது சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்தப் பயம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

கவரைப் பிரித்தேன். நான்கே வரிகள். இந்தப் பெண்மணியை மருந்தடிக்கும் வேலையிலிருந்து உடனே விலக்குங்கள். இனி அவர் எந்தக் களைக்கொல்லியையும் தொடக்கூடாது. இலேசான வேலை கொடுங்கள். நுரையீரலைச் சோதிக்க ஒரு மாதத்தில் மீண்டும் அனுப்புங்கள்.

இலேசான வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உதிர்ந்த செம்பனைப் பழங்களைச் சாக்கில் பொறுக்குவது. சம்பளம் இறங்கிவிடும். விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பணம் வராமல் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்திருந்தேன். அறையில் இருந்த நாங்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ...

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று கேட்பீர்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்து முடிக்கிற நேரம். அவ்வளவுதான்.

"என்னா பாப்பா, மொகம் மாறுது?"

"ஒன்னுமில்லம்மா. கையுறை போட்டுக்கிட்டு வேலை செய்யணுமாம். தெனமும் பால் குடிக்கணுமாம்."

"பாலா?"

"ஆமாம்மா. வெசத்த முறிக்குமாம்."

"வேலைய விட்டு எடுக்கச் சொல்லலியே?"

"இல்லம்மா."

"அப்பாடி... நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன் லா! ஆபீசுல குடுக்கணுமா இத?"

"வேணாம்மா. இது உனக்கு எழுதுனதுதான்."

சிரித்தாள். என் தலையைத் தடவிவிட்டு, "படிச்ச புள்ள வீட்டுல இருந்தா இதுதான்" என்றாள். அவள் குளிக்கப் போனதும் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

அந்தப் பால் எங்கிருந்து என் வாயில் வந்தது? மருந்தடிக்கிறவர்களுக்குப் பால் நல்லது என்று லயத்தில் யாரோ எப்போதோ சொன்ன பேச்சு. காற்றில் அலைந்த பேச்சு. அதைப் பிடித்து மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு மகள் ஒரு தாய்க்குச் செய்த துரோகம் மட்டுமே. முடியவில்லை.

அடுத்த விடுமுறையில் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போனேன். பத்து மணி ஓய்வு. மருந்து அடிக்கிற ஏழு பெண்களும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் கையிலும் சோடா போத்தல். டின் பாலைச் சுடுநீரில் கரைத்து ஊற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கடையில் பற்று எழுதி வாங்கிய பால்! மடக் மடக்கென்று, கோயில் தீர்த்தம் போல...

பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தை போத்தலை என் பக்கம் ஆட்டிக் காட்டினாள். உலு யாம் ஊரில் ரப்பர் காட்டில் பிறந்து, கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். வாய்த் துடுக்கு அதிகம்.

"வா தேவி! எங்கள எல்லாம் கன்னுக்குட்டி ஆக்கிட்ட. எம்புருசன், என்னாடி, மறுபடி பால்குடி ஆயிட்டியான்னு கேக்குறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தொடர்ந்தாள்:

"எனக்கும் மூக்குல ரத்தம் வந்துச்சு. வேலை வாங்குற மண்டோருகிட்டப் போயி, பழம் பொறுக்க விடுங்கன்னு கேக்கப் பாத்தேன். உங்கம்மா, அண்ணிதான் தடுத்துச்சு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, எம்பொண்ணு படிச்சுச் சொன்னா, பாலக் குடிச்சுட்டு அடின்னுச்சு."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? ஏழு பேர் முன்னால்... அந்த வெளிச்சத்தில்... ஒரு வாக்கியம் போதும்!

"நல்லது அத்தை. விடாமக் குடிங்க" என்றேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு மாணவர் பேச்சுப் போட்டியில் தோட்டப் பெண்களின் துயரம்தான் என் தலைப்பு. நகமில்லாத விரல்களைப் பற்றிப் பேசினேன். வெந்த முதுகைப் பற்றிப் பேசினேன். "இவர்களை ஏமாற்றுகிறவர்கள் யார்?" என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். மண்டபம் எழுந்து நின்றது. கோப்பையை வாங்கிக்கொண்டு விடுதிக்கு வந்தால், அம்மாவின் பெயரில் யாரோ நிரப்பி அனுப்பிய மணியார்டர் காத்திருந்தது. அந்தப் பணத்தில் புதுச் செருப்பு வாங்கினேன். பழையது அறுந்திருந்தது என்பது உண்மைதான். ஆனாலும்...

பட்டம் வாங்கினேன். ரவாங்கில் அலுவலக வேலை. சிறிய வாடகை வீடு. அம்மாவை அழைத்து வந்துவிட்டேன். "போதும்மா, இனிமே நீ உக்காந்து சாப்பிடு" என்றேன், ஏதோ நான் பெரிய கொடையாளி மாதிரி! உட்கார்ந்துதான் இருக்கிறாள். எழுந்து வாசல் வரை நடந்தால் மூச்சு இரைக்கிறது. துணி பிழியும்போது நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். இங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, நுரையீரல் இறுகிவிட்டது, பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அம்மா என்னை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி அத்தை இரண்டு பஸ் மாறி வந்தாள். கூடவே அவள் மகள் கமலா. அத்தையின் கையில் ஒரு கோப்பு.

"தேவி! கமலாவுக்கு யுனிவர்சிட்டி கெடச்சிருச்சு லா! இந்தப் பாரமெல்லாம் நீதான் நெரப்பிக் குடுக்கணும்."

கோப்பை நீட்டிய அத்தையின் கையைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் இல்லை.

"செலவுக்கு என்ன அத்தை பண்ணப் போறீங்க?"

"உங்கம்மா என்னா பண்ணுச்சு? அதான். மண்டோருகிட்டச் சொல்லி ஞாயித்துக்கெழமை மருந்துக்கும் பேரு குடுத்துட்டேன். இன்னிக்கு மட்டுந்தான் லீவு."

இதோ, சொல்லிவிடப் போகிறேன் என்றே நினைத்தேன்.

"வேணாம் அத்தை. மருந்து வேலைய விட்டுருங்க. அது நுரையீரலக் கெடுத்துரும். பாலெல்லாம் ஒன்னும் செய்யாது."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ஏன் தேவி, உங்கம்மா அடிச்சப்ப இத சொன்னியா?"

நான் கோப்பைத் திறந்து பேனாவைத் தேடினேன்.

"உனக்குன்னா படிப்பு. எம்மவளுக்குன்னா நுரையீரலா?"

அம்மா நாற்காலியில் இருந்தபடியே கையை ஆட்டினாள். "விடு லெட்சுமி. படிச்ச புள்ள... அப்புடித்தான் பேசும்..." என்று சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அத்தை ஓடிப்போய் அவள் முதுகை நீவிவிட்டாள்.

நான் சேர்க்கைப் பாரத்தை நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, தாயின் தொழில்... எழுத்து ஆடாமல் எழுதினேன். எனக்கு எப்போதும் நல்ல கையெழுத்து.

அத்தையின் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவளும் அம்மாவும் அச்சில் வந்த எதையும் வாசிக்கப் போவதில்லை, அந்தத் தைரியம்தான். என் தைரியத்தின் உயரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் கமலா வாசிப்பாள். பத்திரிகை வந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விடாதவள். பெயர்களை மாற்றாமல்தான் எழுதியிருக்கிறேன்.

கமலா, இதை உன் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டு. முழுவதையும் வாசி. ஒரு வரி விடாமல் வாசி.

அடுத்த மாதம் உன் அம்மாவின் மருந்துக் கூலியிலிருந்துதான் உனக்கு விடுதி வாடகை கட்ட வேண்டும். அது எனக்குத் தெரியும்.