காற்று புகாத அறை

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுவது அவள் தொழில். அதற்கும் குடித்தனத்துக்குமாக இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. மொட்டை மாடியில் வெயில் சும்மா காய்ந்துகொண்டிருக்க, அவள் அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி விரிப்புகளைக் காயப் போட்டாள். மாடிக்குப் போனால் கணவரைத் தனியே விட வேண்டியிருக்கும்.

அவர் அச்சகத்தில் புத்தகம் தைத்தவர். மூச்சிரைப்பு முற்றி வேலையை விட்டு, கட்டிலோடு ஒடுங்கிப்போனார். காற்று பட்டால் இழுப்பு வரும் என்று அவள் இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தினாள். இடுக்கில் பழைய துணியைத் திணித்து, மேலே டேப்பை ஒட்டினாள். இழுப்பு வந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொன்னாள். ஆவி கண்ணாடியில் வழிந்து, சுவரில் இறங்கியது. பீரோவுக்குப் பின்னால் கருப்பாகப் பூசணம் படர்ந்தது. தலையணை, புடவை, அரிசி டப்பா எல்லாவற்றிலும் அந்த வாடை ஏறியது. சுவரிலிருந்துதான் ஈரம் வருகிறது என்று நினைத்து, இன்னும் இறுக்கி அடைத்தாள்.

"வார்டன் அம்மா, கைதிக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்று அவர் கேட்பார். அவள் சிரிக்க மாட்டாள். டீ மட்டும் வந்துவிடும்.

மகள் வெளியூரில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவள். வந்தபோதெல்லாம் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்.

"நீ படிச்சது மீனுக்குடி. இவர் மனுஷன்" என்றாள் அம்மா.

அவரே விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. பேச்சு அதோடு நின்றது.

அவர் இறந்துபோன பிறகு மகள் லீவு போட்டு வந்து தங்கினாள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரை ஆணியில் மாட்டினாள். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத பெண். வேலை செய்யத் தெரிந்தவள். டேப்பை உரித்தாள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பூசணத்தைத் தேய்த்துக் கழுவினாள். விரிப்புகள் மொட்டை மாடிக்குப் போயின. சமைக்கும்போதும் இஸ்திரி போடும்போதும் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

சுவர் காய்ந்தது. மீட்டரில் எண் இறங்கியது. வாடை மெல்ல விட்டது. கூடவே இன்னொன்றும் நின்றது. காலையில் எழுந்ததும் அம்மாவைப் பிடித்து உலுக்கும் இருமல். சோப்புத் தூளால் வருவது என்றே அதுவரை நினைத்திருந்தாள். மகளிடம் கேட்டாள்.

"அவருக்கும் குறைஞ்சிருக்கும்ல?"

மகள் ஜன்னல் கொக்கிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "நுரையீரல் முன்னாடியே கெட்டிருந்துச்சும்மா."

"நான் கேட்டது அது இல்ல."

"குறைஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகு அந்த அறையில் அவளுக்கு ஒதுங்க மூலை இல்லாமல் போனது. ஈரமாக இருந்தபோதாவது சுவரைத் திட்டலாம். காய்ந்த சுவர் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தது.

அந்த வாரம் கொழுந்தனார் வந்தார். வந்தவர் வழக்கமான பாட்டைத்தான் பாடினார். அண்ணனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார் அண்ணி, சொந்தத்தில் இப்படி ஒருத்தி உண்டா என்று. இந்தப் பேச்சுதான் இத்தனை வருஷம் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. காபியை ஆற்றியபடியே தனக்கும் இழுப்பு தொடங்கியிருப்பதாகச் சொன்னார்.

"வீட்ல உங்களப் பாத்துக் கத்துக்கிட்டா அண்ணி. ஜன்னல் பூரா டேப்புதான். ஒரு எறும்பு உள்ள வர முடியாது."

மகள் நிமிர்ந்தாள். அம்மா கையமர்த்தினாள்.

"டேப்ப உரிச்சுடச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள், விட்டுப் பிடிப்போம் என்பதுபோல் தலையாட்டினார். அவள் ஏதும் சொல்லாமல் இருந்திருந்தால் காபி முடிந்திருக்கும், பேச்சு வேறு பக்கம் போயிருக்கும், அவள் பேர் பேராகவே இருந்திருக்கும்.

"துக்கத்துல சொல்லல. நான் அடைச்சு வெச்சதுல உங்க அண்ணனுக்கு மூச்சு இன்னும் மோசமாச்சு. எனக்குத் தெரியல, செஞ்சுட்டேன். உங்க வீட்ல போய்ச் சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

கொழுந்தனார் மகளைப் பார்த்தார். மகள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி அப்படியே இருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்க இந்தச் செய்தி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும் என்றுகூட அவளால் நினைக்க முடியவில்லை.

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "வரேன் அண்ணி" என்று சொல்லாமல் படியிறங்கினார்.